ஆடுகளின் பக்கம் நின்று ஓர் ஆட்டம்: படைவீட்டு அரசைக் கணினி விளையாட்டாக வடிப்பது பற்றி

மாலிப் பேரரசன் மன்சா சுலைமானின் அவைக்கு 1352-இல் போய்ச் சேர்ந்த இபின் பதூதா, ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன்பு மதுரையில் சுல்தான் கியாசுதீன் தம்கானியின் அருகில் இருந்தவர். அந்தச் சுல்தான் அவருக்குச் சகலை முறை. இருவரும் மதுரை சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுதீன் அசன் ஷாவின் மகள்களை மணந்தவர்கள். ஒரே மனிதர் பார்த்து எழுதிய இரண்டு நாடுகள் இவை. இன்று வரலாற்று உத்தி விளையாட்டு செய்பவர்கள் இரண்டையும் தேடி வருகிறார்கள், இரண்டிலும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

இடைக்கால ஆப்பிரிக்காவை வைத்து ஒரு காட்சிக்களம், அதாவது சினாரியோ, செய்ய முனைபவருக்குக் கிடைக்கும் சான்றுகள் மூன்று வகை. வென்றவன் வழியில் வந்த பாணர்கள் பாடிய கதை ஒன்று. வெளியூர்ப் பயணி எழுதிய குறிப்பு இன்னொன்று. மண்ணுக்குள் கிடப்பது மூன்றாவது. சவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில், போளூருக்கும் வேலூருக்கும் இடையே உள்ள, படைவீடு என்னும் படவேட்டைப் பற்றி ஒரு களம் செய்ய நினைப்பவருக்கும் இதே மூன்றுதான். கூடவே கல்வெட்டு என்கிற நான்காவது ஒன்று. அந்த நான்காவதை ஒழுங்காகப் பயன்படுத்தினால் விளையாட்டின் இலக்கணமே மாறிவிடும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் இதுவரை நடந்திருப்பதைப் பார்த்துவிடலாம். 1991-இல் வந்த முதல் ‘சிவிலைசேஷன்’ விளையாட்டில் ஆப்பிரிக்காவுக்கு எகிப்தியரும் ஜூலுக்களும் இருந்தார்கள். இந்தியா முழுவதற்கும் காந்தி ஒருவர் இருந்தார். பின்னர் மாலியின் மன்சா மூசா உள்ளே வந்தார். 1324-இல் மெக்கா யாத்திரை போகும் வழியில் கெய்ரோவில் அவர் வாரி இறைத்த பொன்னால் அங்கே தங்கத்தின் விலையே சரிந்ததாக அரபு எழுத்தாளர் அல் உமரி எழுதினார். பன்னிரண்டு ஆண்டு கழிந்தும் விலை நிமிரவில்லை என்பது அவர் குறிப்பு. விளையாட்டு செய்பவர்களுக்கு இது போதாதா? மாலி என்றால் பொன் என்று ஆயிற்று. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ 2015-இல் ஆப்பிரிக்க அரசுகளுக்கென்று ஒரு விரிவாக்கம் வெளியிட்டது. அதில் மாலியை நிறுவிய சுந்தியாத்தாவின் கதையும் எத்தியோப்பியாவின் யோதித் கதையும் படையெடுப்புத் தொடர்களாக வந்தன.

நம் பக்கம் இன்னும் தாமதம். அதே விளையாட்டில் 2013 முதல் ‘இந்தியர்’ என்று ஒரே இனமாக இருந்ததை 2022-இல்தான் பிரித்து, வங்காளியர், கூர்ஜரர், திராவிடர் என்று சேர்த்தார்கள். திராவிடருக்குச் சுருள்வாள் வீரன் உண்டு, நல்ல கப்பல் உண்டு, எஃகு உண்டு, குதிரைப்படை மட்டும் சொல்லிக்கொள்கிறபடி இல்லை. இராசேந்திர சோழனுக்கு ஒரு தொடர் கிடைத்தது. 2025-இல் வந்த ஏழாவது சிவிலைசேஷனில் சோழரும் மேற்கு ஆப்பிரிக்காவின் சோங்காயும் ஒரே காலகட்டத்தில் நிற்கிறார்கள். மகிழ வேண்டியதுதான். ஆனால் தமிழ்நாடு என்றதும் சோழன், கப்பல், கடாரம் என்று கை தானாகவே போகிறதே, அது மாலி என்றதும் பொன்னுக்குப் போகிற அதே கைதான். பெரிய அரசுக்கு எப்படியும் இடம் கிடைத்துவிடும். நானூறு ஆண்டு சோழருக்குக் கீழும் பாண்டியருக்குப் பக்கத்திலும் போசளருக்கு எதிரிலும் விசயநகரத்துக்கு அடியிலும் வாழ்ந்து பார்த்த சின்ன அரசுகளுக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை.

இந்த வகை விளையாட்டுகளின் இலக்கணத்தை 1993-இல் ஓர் அமெரிக்க விமர்சகர் நான்கு வினைகளில் அடக்கினார்: தேடு, விரி, சுரண்டு, அழி. இந்த நான்கில் எதைச் செய்து படைவீட்டை ஆண்ட சம்புவராயர் பிழைத்தார்? எதையும் அல்ல.

செங்கேணிக் குடியைச் சேர்ந்த சம்புவராயர்கள் சோழருக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசர்களாகத் தொண்டைமண்டலத்தில் வளர்ந்தவர்கள். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் ‘எதிரிலிசோழச் சம்புவராயன்’ போன்ற பட்டங்களோடு தெரிகிறார்கள். பட்டத்துக்குள்ளேயே மேலரசன் பெயரைச் செருகிக்கொள்வது அன்றைய அடக்கம். சோழர் தேய்ந்தபோது இராசகம்பீரச் சம்புவராயர் ஓங்கினார். படவேட்டு அம்மையப்பேசுவரர் கோயிலில் சக ஆண்டு 1180, அதாவது 1258-ஐ ஒட்டிய அவர் காலத்துக் கல்வெட்டு உள்ளது. ஊருக்கு மேலே நிற்கும் கோட்டைமலைக்கு இராசகம்பீரன் மலை என்று பெயர் வந்ததும் அந்தப் பெயரால்தான். பிறகு பாண்டியர் மேலாதிக்கம். 1311-இல் தில்லித் தளபதி மாலிக் கபூரின் படையெடுப்பில் எல்லாம் கலைந்தது. அந்தக் கலவரத்தில் 1322-ஐ ஒட்டித் தன்னுரிமையோடு எழுந்தவர் பெயரே வென்று மண்கொண்ட சம்புவராயர். அடுத்து இராசநாராயணச் சம்புவராயர், 1360-களின் தொடக்கம்வரை. ‘சகலலோகச் சக்கரவர்த்தி’ என்பது இவர்களுடைய விருது. நான்கைந்து கோட்டங்களை ஆண்டுகொண்டு அகில உலகச் சக்கரவர்த்தி என்று போட்டுக்கொள்ளும் துணிச்சலை நான் ரசிக்கிறேன்.

காலத்தைத் தேர்வது களம் செய்பவரின் முதல் முடிவு. பெரிய நிறுவனங்களின் விளையாட்டுகள் நெடுங்காலம் இந்த நூற்றாண்டைத் தாண்டியே குதித்தன. ‘க்ரூசேடர் கிங்ஸ்’ 1066-ஐயும் 867-ஐயும் பிடித்துக்கொண்டது. ‘யூரோப்பா யூனிவர்சாலிஸ்’ நான்காம் பதிப்பு 1444-இல் தொடங்கியது. அதற்குள் படைவீட்டில் சம்புவராயர் ஆட்சி முடிந்து எண்பது ஆண்டாகிவிட்டது. 2025-இல் வந்த ஐந்தாம் பதிப்பு 1337-க்கு இறங்கியிருக்கிறது. எந்தக் காரணத்தால் இறங்கினார்களோ, நமக்கு அது வாய்ப்பான ஆண்டு. 1335-ஐ ஒட்டி மதுரை தில்லியிலிருந்து பிரிந்துவிட்டது. 1336-இல் துங்கபத்திரைக் கரையில் விசயநகரம் பிறந்துவிட்டது. போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் தன் துவாரசமுத்திரத்தை விட்டுத் திருவண்ணாமலையில் வந்து தங்கியிருக்கிறான். படைவீட்டிலிருந்து இரண்டு மூன்று நாள் நடை. நடுவில் சம்புவராயர். வடக்கிலும் தெற்கிலும் பக்கத்து வீட்டிலும் ஆளுக்கொரு புலி.

புலி என்று சொன்னது சும்மா அல்ல. நம் ஊர் ஆடுபுலி ஆட்டம் உலகத்து உத்தி விளையாட்டுகளில் பலவற்றுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துவைத்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே காய், ஒரே நகர்வு, ஒரே வெற்றி என்று சதுரங்கம் கேட்கிறது. ஆடுபுலியில் புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி தாண்டி வெட்டும், ஆடு வெட்டாது. புலிக்கு வெற்றி கொல்வதில். ஆட்டுக்கு வெற்றி புலி நகர முடியாதபடி நிற்பதில். படைவீட்டுக் களத்தை இந்த இலக்கணத்தில்தான் கட்ட வேண்டும். விசயநகரமும் மதுரையும் போசளமும் வரைபடத்தில் நிறம் பூசி வெல்லட்டும். படைவீட்டை ஆடுபவர் அப்படி வெல்லக்கூடாது, வெல்லவும் முடியக்கூடாது. அவருக்கு எண்ணிக்கை வேறு: எத்தனை ஊரில் குடி நிலைத்திருக்கிறது, எத்தனை ஏரியில் தண்ணீர் இருக்கிறது, எத்தனை கோயிலில் பூசை நிற்கவில்லை, மேலரசன் மாறினாலும் தன் முத்திரை எத்தனை ஆண்டு செல்லுபடியாகிறது.

இதற்குச் சான்று எங்கிருந்து வருகிறது? இங்கேதான் மாலியோடு ஒப்பிட்டால் பலன் உண்டு. 1235-இல் கிரினாப் போரில் சுந்தியாத்தா சோசோ அரசன் சுமங்குருவை வென்றான். அந்தச் சுமங்குருவை நமக்குத் தெரிவிப்பவர்கள் சுந்தியாத்தாவின் பாணர்கள். ஆகவே சுமங்குரு மந்திரவாதி, கொடியவன், ஒரே ஓர் அம்பால் மட்டுமே வீழ்த்தக்கூடியவன். வாய்மொழியாக வந்த அந்தக் காவியத்தை கினி நாட்டு வரலாற்றாசிரியர் நியான் 1960-இல் நூலாக்கினார். விளையாட்டிலும் சுமங்குரு அந்தப்படியே வில்லனாக வருகிறான். தோற்றவன் பக்கத்துப் பாட்டு என்ன என்று கேட்க யாருக்கும் வழியில்லை.

படைவீட்டுக்கு எதிராகவும் அப்படி ஒரு பாட்டு உண்டு. விசயநகர மன்னன் புக்கனின் மகன் குமார கம்பணனுடைய தேவி கங்காதேவி வடமொழியில் எழுதிய ‘மதுராவிஜயம்’, 1916-இல் திருவனந்தபுரத்தில் சுவடியாகக் கிடைத்தது. மதுரை சுல்தானை வெல்வதற்கு முன் சம்புவராயனை முடித்துவிடு என்று தந்தை அறிவுரை சொல்ல, கம்பணன் முள்பாகலிலிருந்து இறங்கிப் பாலாற்றங்கரையில் விரிஞ்சிபுரத்தில் பாளையமிட்டு, இராசகம்பீரன் மலையை வளைக்கிறான். காவியத்தில் இருவரும் தனித்து வாட்போர் செய்ய, சம்புவராயன் மாள்கிறான். கங்காதேவி நல்ல கவி. ஆனால் கணவனின் போரைப் பாடுகிற கவி. கல்வெட்டு ஒன்றோ மாரய்ய நாயக்கன் என்னும் தளபதி சம்புவராயரைப் பிடித்து மலையைக் கைப்பற்றியதாகச் சொல்கிறது. சாளுவ வமிசத்தாரின் இலக்கியங்கள் தங்கள் முன்னோன் சாளுவ மங்குவைச் ‘சம்புவராயரை மீண்டும் நிலைநாட்டியவன்’ என்று புகழ்கின்றன. ஒரே மனிதர் செத்தார், பிடிபட்டார், மறுபடி அரியணையில் அமர்த்தப்பட்டார். ஒரு தலைமுறைக்கு மேற்பட்டவர்களின் கதைகள் கலந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சமாதானம் தேடுவார்கள், தேட வேண்டியதுதான். களம் செய்பவர் அப்படிச் சமாதானம் செய்யத் தேவையில்லை. மூன்றையும் மூன்று முடிவுகளாக விளையாட்டில் வைத்துவிடலாம். முற்றுகைக்கு முன் சாளுவ மங்குவோடு தொடர்பு வைத்திருந்தால் ஒன்று, மலைமேல் தானியம் தீர்ந்தபின் இறங்கினால் ஒன்று, மானம் பெரிதென்று வாளோடு வந்தால் ஒன்று. மூன்றாவது நிகழ்ந்தால் திரையில் ஒரு காவியம் எழுதப்படும். ஆடுபவருக்கு மிச்சம் அதுதான்.

சான்றில் முரண் இருப்பதை விளையாட்டு செய்பவர்கள் குறையாக எண்ணிப் பயப்படுகிறார்கள். நூல் எழுதுபவர் ஒரு முடிவைத்தான் எழுத முடியும். ஆட்டத்திலோ ஒரே களத்தைப் பத்துப் பேர் ஆடினால் பத்து முடிவு வரும். வரலாறு ஐயத்தோடு வைத்திருக்கும் இடம் எதுவோ அதுதான் ஆடுபவருக்கு விடவேண்டிய இடம். ஐயமில்லாதவற்றை மாற்றவிடக் கூடாது. 1311-இல் மாலிக் கபூர் வராமல் போவதற்கு வழி வைத்தால் அது வேறு விளையாட்டு.

வரைபடத்துக்கு வருவோம். அறுகோணக் கட்டங்களில் பச்சை, பழுப்பு, நீலம் என்று அடித்துவிட்டால் தொண்டைமண்டலம் வராது. இங்கே பேராறு இல்லை. ஆண்டில் சில மாதம் ஓடும் பாலாறும் செய்யாறும், சவ்வாதிலிருந்து படவேட்டின் வழியே இறங்கும் கமண்டல நதியும்தான். அந்தச் சில மாதத் தண்ணீரை ஏரியில் பிடித்து வைக்கத் தெரிந்ததால் இந்த நாடு சோறு உண்டது. மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் கீழ் ஏரிக்கு. ஏரிதான் இந்த வரைபடத்தின் அலகு, கட்டம் அல்ல. கரையை உயர்த்தித் தூர் எடுத்த ஏரி ஒரு பருவத்தைத் தாங்கும். படை நடந்து கரை உடைந்த ஏரியின் கீழ் மூன்று ஊர் காலியாகும். செண்பகத்தோப்பில் இன்று அணை கட்டியிருக்கிற இடத்தைப் பார்த்தால் மலைக்கும் நீருக்கும் உள்ள கணக்கு கண்ணுக்குப் புரியும். களம் செய்பவர் இங்கே ஒருமுறை மழைக்காலத்தில் வந்து நிற்பது நல்லது. செயற்கைக்கோள் படத்தில் வழியும் கலங்கலின் ஓசை கேட்காது.

வரி அடுத்தது. பெரும்பாலான விளையாட்டுகளில் வரி என்பது ஒரே ஓர் எண். இழுத்தால் கூடும், தள்ளினால் குறையும். அன்றைய கல்வெட்டுகளில் அது பட்டியல்: கடமை, குடிமை, தறியிறை, செக்கிறை, பாடிகாவல் என்று நீளும். நெசவுக்காரருக்குத் தறியிறையைத் தள்ளிக் கொடுத்துக் கோயில் வீதிகளில் குடியேற்றும் ஆணைகள் இந்தக் காலத் தொண்டைமண்டலத்தில் உண்டு. ஏன் தள்ளினார்கள்? இரக்கம் மட்டும் காரணமல்ல. கைக்கோளனுக்கும் வாணியனுக்கும் கால் உண்டு. தறியைக் கழற்றிக்கொண்டு அடுத்த நாட்டுக்குப் போய்விடுவான். நிலம் நகராது, குடி நகரும். சின்ன அரசனின் பஞ்சம் மண்ணால் வருவதைவிட ஆளால் வருவது அதிகம். இதே தமிழ் மண்ணில் இரண்டு தலைமுறைக்குப் பின், 1429-இல், காவிரிப் பகுதியில் வலங்கையாரும் இடங்கையாரும் சேர்ந்து நின்று, அநியாய வரி தருவதில்லை என்று தீர்மானித்துக் கல்லில் வெட்டினார்கள். வலங்கையும் இடங்கையும் ஒன்று சேர்வதென்றால் வரி எந்த உயரத்துக்குப் போயிருக்கும்! இதைவிடத் தெளிவாக ஒரு விளையாட்டு விதியை யாராவது எழுதித் தர முடியுமா? வரியை ஏற்று, ஏற்று, ஓர் அளவைத் தாண்டினால் பகைத்துக்கொண்டிருந்த இரண்டு கூட்டம் கைகோக்கும்.

குதிரையைப் பற்றி ஒரு வார்த்தை. மாபார் என்னும் தமிழகக் கரைக்கும் குசராத்துக்கும் பாரசீக வளைகுடாவிலிருந்து ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரை வந்ததாகவும், ஒன்று 220 செம்பொன் தினார் விலை என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் எழுதினார். எண்ணிக்கை மிகையாக இருக்கலாம், ஆனால் இந்த மண்ணில் குதிரை வளராது என்பதும் இறக்குமதியை நம்பித்தான் ஆக வேண்டும் என்பதும் மார்க்கோ போலோ சொன்னதோடு ஒத்துப்போகிறது. மேற்கு ஆப்பிரிக்காவிலும் இதே கதை: வடக்கிலிருந்து பாலைவனம் தாண்டிக் குதிரை வரும், தெற்கே போகப் போக செட்சி ஈயால் மடியும். ஆகவே குதிரைப்படையை லாயம் கட்டிப் பயிற்றுவிப்பது போல் வைப்பது இரண்டு நாட்டுக்கும் பொய். துறைமுகத்தை யார் வைத்திருக்கிறாரோ அவர் கொடுக்கவேண்டிய வரம் அது. படைவீட்டுக்குக் கடல் தூரம். தெற்கே மதுரை, வடமேற்கே விசயநகரம் இரண்டுக்கும் முந்திக்கொண்டு குதிரை வாங்கப் பொன் போதாது. சம்புவராயர் மலையை நம்பினதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இராசதந்திரம்தான் இந்தக் களத்தின் உயிர். வழக்கமான விளையாட்டில் நட்பு, பகை, போர் என்று மூன்று பொத்தான். மூன்றாம் குலோத்துங்கன் காலத்துச் சிற்றரசர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்படிக்கைகள் கல்வெட்டுகளாகவே கிடைக்கின்றன. செங்கேணிக் குடியினரும் அவற்றில் கையொப்பமிட்டவர்கள். உன் பகைவனோடு நான் சேரமாட்டேன், என் பகைவனோடு நீ சேராதே, நமக்குள் நிலம் பிரிந்த எல்லை இன்னது. சோழச் சக்கரவர்த்தி உயிரோடு இருக்கும்போதே, அவர் பெயரில் ஆண்டுக்கணக்கு போட்டுக்கொண்டே, அவருக்குப் பிறகு யார் யாரோடு என்பதைக் கல்லில் எழுதி வைத்துவிட்டார்கள்! 1231-ஐ ஒட்டிக் காடவன் கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் இராசராசனையே சேந்தமங்கலத்தில் சிறைவைத்ததும், போசள நரசிம்மன் வந்து மீட்டதும் அடுத்த தலைமுறைக் கதை. இந்த நாட்டில் இறையாண்மை என்பது அடுக்கு. மேலே ஒரு பெயர், கீழே ஒரு கை, நடுவில் பக்கத்து வீட்டுக்காரனோடு ஓர் இரகசியம். விளையாட்டில் இதைக் காட்ட எளிய வழி உண்டு: ஆடுபவர் ஒவ்வொரு தானத்தையும் யார் ஆட்சியாண்டில் வெட்டுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பாண்டியன் பெயரா, தன் பெயரா, புதிதாக வந்த கம்பண உடையார் பெயரா? தன் பெயரில் வெட்டினால் குடிகளிடம் மதிப்பு ஏறும். கூடவே மூன்று புலிகளின் காதும் நிமிரும்.

போரைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் விளையாட்டு செய்பவர்களுக்கு அது சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு நிகழ்வை மட்டும் கட்டாயம் வைக்கவேண்டும். 1342-ஐ ஒட்டி வல்லாளன் கண்ணனூர்க் கொப்பத்தில் மதுரைப் படையை முற்றுகையிட்டிருந்தான். இபின் பதூதா சொல்லும்படி அவனுக்கு எண்பது வயது. அவன் படையில் இருபதினாயிரம் முசுலிம் வீரர்களும் இருந்தார்கள். உள்ளே பதினான்கு நாள் உணவுதான் மிச்சம். சுல்தானிடம் கேட்டுச் சரணடைகிறோம் என்று உள்ளிருந்தவர்கள் தவணை கேட்க, வல்லாளன் கொடுத்தான். மதுரையிலிருந்து ஆறாயிரம் பேரோடு தம்கானி வந்து சேர்ந்தது நண்பகல் உறக்க நேரம். போசளர் குதிரைகளை மேயவிட்டிருந்தார்கள். வருவது கள்வர் கூட்டம் என்று நினைத்தார்கள். கிழவன் பிடிபட்டான், பணம் எல்லாம் பறிக்கப்பட்ட பின் கொல்லப்பட்டான், உரித்த தோலில் வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டார்கள். அதைக் கண்டதாக எழுதுபவர் சுல்தானின் சகலையே. சில காலத்தில் கொள்ளைநோய் வந்து தம்கானியின் வீட்டைக் கொண்டுபோயிற்று, அவரும் மறைந்தார்.

இந்த ஒரு நிகழ்வு இரண்டு சோம்பேறித்தனத்தைத் தடுக்கும். ஒன்று, இந்து - முசுலிம் என்று இரண்டு நிறம் அடித்து ஆட்டத்தை முடித்துவிடுவது. வல்லாளன் படையில் இருந்த இருபதினாயிரம் பேரை எந்த நிறத்தில் வைப்பது? சுல்தானின் கொடுமையைக் கண்டித்து எழுதிய இபின் பதூதாவே ஒரு முசுலிம் நீதிபதிதான். மதுரைப் பக்கத்தை ஆடுவதற்கும் இடம் வேண்டும்; தில்லி உதவியில்லாமல், கடலோர வணிகரை மட்டும் நம்பி நின்ற அந்தச் சிறு அரசும் ஒரு கணக்கில் ஆடுதான். இரண்டாவது சோம்பேறித்தனம், சம்புவராயரை இன்றைய சாதிப் பெருமிதத்துக்கு உரிய கொடியாக மட்டும் ஏற்றிவிடுவது. அவர்களைத் தம் முன்னோராகக் கொண்டாடும் சமூகம் உண்டு, கொண்டாடட்டும். ஆனால் ஆட்டத்தில் ‘இந்தக் குலத்துக்கு வீரம் பத்து விழுக்காடு கூடுதல்’ என்று வைத்தால் கேலிக்கூத்தாகிவிடும்.

மலையில் இருந்தவர்களைப் பற்றிப் பேசாமல் படவேட்டுக் களம் நிறைவாகாது. சவ்வாது மலையாளிகள் காஞ்சிபுரத்திலிருந்து மேலே வந்தவர்கள் என்பது அவர்களுடைய வழக்கு. அது எந்த நூற்றாண்டு என்று நாள் குறித்துச் சொல்ல முடியாத நினைவு. சாமை, தேன், புளி, சந்தனம், பலா என்று மலைக்கு ஒரு தனிப் பொருளாதாரம். மலையின் தெற்கே செங்கம் பகுதியில் கிடைத்த நடுகற்கள், ஆநிரை கவர்ந்த சண்டைகளில் விழுந்தவர்களைப் பல்லவர் காலத்திலிருந்தே பெயரோடு வைத்திருக்கின்றன; 1972-இல் நாகசாமி பதிப்பில் அவை நூலாக வந்தன. அரசன் பெயர் மேலே ஒரு வரி. மற்றதெல்லாம் மாடும் ஊரும் செத்தவனும். விளையாட்டுகள் மலையை ‘கடக்க முடியாத நிலம்’ என்று சாம்பல் பூசுகின்றன. இங்கே மலைதான் அரசின் மறைவிடம். மலைக்காரர் தயவு இல்லாமல் இராசகம்பீரன் கோட்டைக்கு ஒரு மூட்டை தானியம் ஏறியிருக்காது. மலையாளிகளை ஆடுபவரின் ஏவலாளாக வைக்கக் கூடாது; தனி விருப்பத்தோடு, சில ஆண்டுகளில் வழிவிட்டும் சில ஆண்டுகளில் வழி மறித்தும் நடக்கிற தரப்பாக வைக்கவேண்டும். மாலியிலும் பொன் விளைந்த வயல்களின் மக்கள் அப்படித்தான் நின்றார்கள்: அவர்களை மதம் மாற்ற முயன்றால் பொன் வருவது நின்றுவிடும் என்று மாலி அரசர்கள் பட்டறிந்ததாக அல் உமரி எழுதியிருக்கிறார்.

தோல்வியை எப்படி வைப்பது? இங்கே பல்லாங்குழி துணைக்கு வருகிறது. ஆப்பிரிக்கா முழுதும் ஆடப்படும் மங்காலா குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டம்தானே அது. ஒரு சுற்றில் முத்து இழந்தவர் அடுத்த சுற்றில் ஏழு குழியையும் நிரப்ப முடியாது. நிரப்ப முடிந்ததை நிரப்பி, மற்றதைப் பாழ்குழியாக விட்டுவிட்டு, தொடர்ந்து ஆடுவார். தோற்றவர் எழுந்து போவதில்லை. கம்பணன் மலையைப் பிடித்ததும் ‘ஆட்டம் முடிந்தது’ என்று திரையை இருட்டாக்குகிற விளையாட்டு வரலாற்றையும் இருட்டாக்குகிறது. படைவீட்டு இராச்சியம் என்ற பெயர் விசயநகர ஆட்சியிலும் ஒரு மாகாணத்தின் பெயராகத் தொடர்ந்தது. திருவொற்றியூர்க் கோயிலில் தேவரடியார், பதியிலார், இஷபத்தளியிலார் ஆகியோரிடையே யார் எந்தப் பணி செய்வது என்ற வழக்கு இராசநாராயணர் காலத்தில் விசாரிக்கப்பட்டது; கம்பணன் காலத்திலும் மீண்டும் விசாரணைக்கு வந்தது. அரசு கை மாறியது, வழக்கு மாறவில்லை. கோப்பு அப்படியே அடுத்த அதிகாரியின் மேசைக்குப் போயிருக்கிறது! ஆகவே 1363 வாக்கில் முற்றுகை முடிந்த பிறகும் ஆடுபவர் குறைந்த குழிகளோடு தொடரவேண்டும்: இப்போது அவர் மகாமண்டலேசுவரருக்குக் கணக்குக் காட்டும் உள்ளூர்த் தலைவர். 1371-இல் மதுரை விழும்போது அவர் படை அனுப்பினாரா, அரிசி மட்டும் அனுப்பினாரா என்பதில் அடுத்த பத்தாண்டின் நிலை இருக்கும்.

ஒரு சுற்று ஓர் ஆண்டு என்று வைத்தால் 1337 முதல் 1371 வரை முப்பத்தைந்து சுற்று. ஒரு மாலையில் ஆடி முடிக்கலாம். மென்பொருள் பெரிதாக வேண்டாம். இருக்கிற விளையாட்டுகளோடு வரும் களம் அமைக்கும் கருவிகளில் பாதி செய்யலாம், மீதி அட்டையில் செய்யலாம். அட்டையில் செய்வதையே நான் முதலில் விரும்புவேன். விதி சரியில்லை என்றால் உடனே தெரிந்துவிடும், படம் அழகாக இருப்பதால் மறைந்துவிடாது.

படவேட்டைப் பற்றிச் சுற்றுவட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் மண்மாரி பெய்து மூடிப்போன பட்டணம் என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிவுகளிலேயே அந்தக் கதை உண்டு. அண்மைப் பத்தாண்டுகளில் அம்மையப்பர் கோயிலும், வில் இல்லாமல் அமர்ந்து உபதேசிக்கும் யோக ராமர் கோயிலும், கோட்டைமலை வேணுகோபாலர் கோயிலும் மண்ணிலிருந்தும் முள்ளிலிருந்தும் மீட்டுப் புதுப்பிக்கப்பட்டன. ரேணுகாம்பாள் கோயிலுக்கு ஆடி மாதக் கூட்டம் எப்போதும் உண்டு. மண்மாரியை விளையாட்டின் இறுதிப் பேரழிவாக வைக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். நம்பிக்கையைக் குறைத்துச் சொல்லவில்லை. அது வந்தால் ஆடுபவரின் முப்பத்தைந்து ஆண்டு முடிவுகளுக்கும் அர்த்தமில்லாமல் போகும்.

இனச் சிறப்பு, அதாவது ‘சிவிலைசேஷன் போனஸ்’ என்னும் விதியைப் பற்றிக் கடைசியாக. திராவிடர் என்றால் இன்ன படை, மாலியர் என்றால் இன்ன பொன் என்று முன்கூட்டியே ஒட்டுகிற முத்திரை அது. விரிஞ்சிபுரம் கோயிலில் 1425-இல், தேவராயர் ஆட்சியில் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. படைவீட்டு இராச்சியத்துப் பிராமணர்கள், கன்னடியர், தமிழர், தெலுங்கர், இலாடர் ஆகிய நால்வகையினரும் கூடி, இனிமேல் பெண்ணைக் கன்னியாதானமாகவே தருவது, பொன் வாங்கிப் பெண் கொடுப்பவரும் பொன் கொடுத்துப் பெண் கொள்பவரும் அரச தண்டனைக்கும் சாதி விலக்குக்கும் உட்படுவது என்று உடன்பட்டுக் கையெழுத்திட்டார்கள். ஒரு மலையடிவார இராச்சியத்தில் நான்கு மொழிக்காரர் ஒரு சட்டத்துக்குக் கூடிப் பேசியிருக்கிறார்கள், அரசன் அதைக் காவல் செய்திருக்கிறான். படைவீட்டுக்கு ஒட்ட வேண்டிய இன முத்திரை எது? நான் வடிக்கும் களத்தில் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விடுவேன். அதற்குப் பதில், நாட்டுக்குள் வந்து தங்கும் ஒவ்வொரு கூட்டத்தோடும் ஓர் உடன்படிக்கைச் சீட்டு. முப்பத்தைந்தாம் சுற்றில் கையில் எத்தனை சீட்டு கிழியாமல் இருக்கிறதோ அதுதான் படைவீட்டை ஆடியவரின் மதிப்பெண்.